கொடியில் காயும் இரண்டு பனியன்

மதுரையில் மே மாதம், சாயங்காலம் ஐந்தரை மணி. போட்டிருக்கும் சட்டையே பாரமாகத் தெரியும் வேளை. எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த தம்பியின் சட்டைக் கழுத்தோரம் இரண்டு வெள்ளைக் கரை தெரிந்தது. ஒரு பனியன், அதற்குள் இறுக்கமாக இன்னொரு பனியன். தோள் இரண்டும் முன்னால் சுருண்டிருக்க, ஆபீஸ் பையை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தான். வயது 26. பெயர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

"மாமா, நீங்க ஆஸ்பத்திரியிலதானே இருந்தீங்க. ஒண்ணு கேக்கணும்."

அரசு மருத்துவமனை ஒன்றின் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தெருவில் யாருக்கு ஸ்கேன் ரிப்போர்ட் புரியவில்லை என்றாலும் இந்த பெஞ்சுக்குத்தான் வருவார்கள். மாஸ்டரிடம் இரண்டு டீ சொன்னேன். டீ வந்து ஆடை படியும்வரை தம்பி வாய் திறக்கவில்லை.

"எனக்கு இந்த கைனகோ இருக்கு மாமா. பத்தாங்கிளாஸ்ல இருந்தே. வர்ற வெள்ளிக்கிழமை ஆபரேஷன். காலையில அட்மிட், சாயங்காலம் டிஸ்சார்ஜ். வீட்டுல ட்ரெயினிங்னு சொல்லியிருக்கேன். ஆஸ்பத்திரி பக்கத்துலயே லாட்ஜ்ல ரூம் போட்டாச்சு. திங்கக்கிழமை வேலைக்குப் போயிடலாம்ல?"

கைனகோமாஸ்டியாவைத்தான் அப்படிச் சொன்னான், ஆண் மார்பு வீங்கி நிற்பது. அவன் போட்ட திட்டத்தில் எனக்குப் பிடிக்காதது லாட்ஜ் ரூம். அதை அப்போதே சொல்லவில்லை.

"என்ன எடுக்கப் போறாங்கன்னு தெரியுமா?"

"கொழுப்பு."

"கொழுப்பு பாதி. ஆம்பளைக்கும் காம்புக்குப் பின்னால கொஞ்சூண்டு சுரப்பி இருக்கு. வயசுக்கு வர்ற சமயத்துல ஆண் ஹார்மோனும் பெண் ஹார்மோனும் இழுபறி நடத்தும். பையங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது கொஞ்சம் வீங்கும். பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள தானா வடிஞ்சிடும். வடியாதவங்களுக்கு நார் பாய்ஞ்சு கெட்டியாயிடும். அப்புறம் எந்த உடற்பயிற்சிக்கும் அது கரையாது."

"மூணு வருஷம் ஜிம்முக்குப் போனேன் மாமா. இன்னும் எடுப்பாத்தான் தெரிஞ்சது."

"தெரியும். கீழே இருக்கிற தசை வளர்ந்து, மேலே இருக்கிறதை முன்னால தள்ளிவிடும். உன் தப்பு இல்ல."

இதே வீக்கம் மருந்தாலும் வரும். இதயத்துக்கும் ஈரலுக்கும் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், சில மனநல மருந்துகள், ஜிம்மில் ரகசியமாகப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஈரல் நோய், தைராய்டு, அபூர்வமாக விரைக் கட்டி, இவையும் காரணமாகலாம். அதனால்தான் கத்தி எடுப்பதற்கு முன் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். தம்பிக்கு எல்லாம் பார்த்திருந்தார்கள். எதிலும் குறை இல்லை. சர்ஜன் பெயருக்குப் பின்னால் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. இன்ஷூரன்ஸ்காரர்கள் இதை அழகுக்கான ஆபரேஷன் என்று தட்டிக் கழிப்பது வழக்கம். அதையும் அவன் விசாரித்து, கைக்காசு சேர்த்து வைத்திருந்தான். விவரமான பிள்ளைதான்.

மர மேசையில் அவன் டீ கிளாஸ் வைத்த இடத்தில் ஈர வட்டம் ஒன்று பதிந்திருந்தது. அதன் கீழ்ப்பாதி ஓரமாக விரலால் கோடு இழுத்துக் காட்டினேன்.

"காம்பைச் சுத்தி இருக்கிற கறுப்பு வட்டம் இதுன்னு வச்சுக்க. இந்தப் பாதி ஓரத்துலதான் கீறுவாங்க. கறுப்பும் தோல் நிறமும் சேர்ற எல்லை. தழும்பு அங்க ஒளிஞ்சுக்கும். 1946-ல ஜெரோம் வெப்ஸ்டர்னு ஒரு அமெரிக்க சர்ஜன் எழுதிவச்ச வழி இது. ஆனா ஆபரேஷன் ரொம்பப் பழசு. ஏழாம் நூற்றாண்டுலயே ஏஜினா தீவுக்காரர் பவுல்னு ஒரு கிரேக்க வைத்தியர், மார்புக்குக் கீழே பிறை மாதிரி கீறி எடுத்து, தையல் போட்டு மூடுன்னு எழுதியிருக்கார்."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "ஏழாம் நூற்றாண்டுலயா?"

"அப்பவே உன்னை மாதிரி ஒருத்தன் வைத்தியர் வீட்டு வாசல்ல தயங்கித் தயங்கி நின்னிருக்கான்."

முதல் தடவையாகச் சிரித்தான். டீயையும் குடித்தான்.

"சின்ன ஓட்டை போட்டு, குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவாங்க. அப்புறம் இந்தக் கீறல் வழியா சுரப்பியை எடுப்பாங்க. காம்புக்கு அடியில மட்டும் ஒரு வில்லை விட்டுவைப்பாங்க. மொத்தமா வழிச்சு எடுத்தா காம்பு பணியாரக் குழி மாதிரி உள்ளே போயிடும். எல்லாம் சேர்த்து ஒண்ணு ரெண்டு மணி நேரம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவாங்க. மார்பகப் புற்றுநோய் நூறுல ஒண்ணு ஆம்பளைக்கு வர்றது. உன் வயசுல ரொம்ப அபூர்வம். இருந்தாலும் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி ஃபைல்ல வை."

இங்கே கொஞ்சம் நிறுத்தினேன். இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். ஆபரேஷன் தியேட்டரில் நடப்பதை எல்லாரும் கேட்பார்கள். அதற்குப் பிறகு உடம்பு என்ன செய்யும் என்று கேட்பவர்கள் குறைவு.

"எடுத்த பிறகு அங்க என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"அதான் சிக்கல். மேலே தோல், கீழே தசை, நடுவுல காலி இடம். உடம்புக்குக் காலி இடம் பிடிக்காது. ரத்தமோ நீரோ ஊறி நிரம்பப் பார்க்கும். அது நிரம்புறதுக்கு முன்னால தோல் போய்த் தசையோட ஒட்டணும்." எதிர்ச்சுவரைக் காட்டினேன். கல்யாணப் போஸ்டர் ஒன்று, நடுவில் உப்பி, ஓரம் சுருண்டு நின்றது. "பசை தடவினா மட்டும் போதாது. கையால அமுக்கி, நல்லா நீவிவிடணும். நீவாம விட்டா இப்படித்தான் குமிழியா நிக்கும். ஆபரேஷன் முடிஞ்சதும் உனக்கு மாட்டிவிடுற இறுக்கமான வெஸ்ட் இருக்கே, அது அந்த நீவுற கை."

டாக்டர்கள் தரும் கட்டளைகள் எல்லாம் இந்த ஒரு காரணத்தில் வந்து முடியும். வெஸ்ட் போடு, பாரம் தூக்காதே, கையை உயர்த்தாதே, நீர் வடிய வைத்த டியூபைப் பிடுங்காதே. ஒட்டிக்கொண்டிருக்கும் போஸ்டரை அசைக்காதே என்பதைத்தான் விதவிதமாகச் சொல்கிறார்கள்.

"எங்க வார்டுல டிஸ்சார்ஜ் ஆகுறவங்ககிட்ட ஒரு கணக்குச் சொல்வேன். மூணு நாள் கவனி. ஆறு வாரம் இறுக்கிக் கட்டு. ஒரு வருஷம் பொறு."

"மூணு நாள் எதைக் கவனிக்கணும்?"

"ரத்தக்கட்டு. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரமே வரக்கூடிய தொந்தரவுல முதல் இடம் அதுக்குத்தான். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்ள வரும். உள்ளே ஒரு சின்ன ரத்தக்குழாய் திறந்துக்கும். ஒரு பக்கம் மட்டும் திடீர்னு உப்பும். தோல் விறைச்சுப் பளபளக்கும். மாத்திரை போட்டும் வலி ஏறிக்கிட்டே போகும். டியூப் வச்சிருந்தா, அதோட குடுவை புது ரத்தமா நிரம்பும்."

டியூப் எல்லாருக்கும் வைப்பதில்லை. அது சர்ஜனின் முடிவு. வைத்திருந்தால், குடுவையில் எத்தனை மில்லி சேர்ந்தது என்று நேரம் போட்டு எழுத வேண்டும். முதலில் சிவப்பாக வருவது, நாளாக ஆக வெளிர்ந்து மஞ்சளாகும். ஒரு நாளில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் பொதுவாக எடுத்துவிடுவார்கள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கினா பயப்படாத, அது வரத்தான் செய்யும். ரெண்டாம் மூணாம் நாள்ல வீக்கம் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும். வலி நாளுக்கு நாள் குறைஞ்சா நல்ல வழியில போகுதுன்னு அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் வேகமா உப்பினா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. திறந்து, கட்டின ரத்தத்தை எடுத்துட்டு, கசியுற குழாயை அடைச்சா சரியாப் போயிடும். தாமதிச்சா தோலுக்கும் காம்புக்கும் ஆபத்து."

பிறகு கேட்டேன்: "மயக்க மருந்தும் வலி மாத்திரையும் சேர்ந்து நீ அசந்து தூங்குவ. மேலே வெஸ்ட் மூடியிருக்கும். அந்த லாட்ஜ் ரூம்ல யாரு தம்பி அதைத் திறந்து பாக்குறது?"

பதில் இல்லை. பையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"ஆட்டோ பிடிச்சு வந்துடுவேன்" என்றான் கடைசியில்.

"விழிச்சிருக்கிறவன்தான் ஆட்டோ பிடிப்பான்."

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அவன் கை சட்டைப் பைக்குப் போய் சிகரெட் பெட்டியோடு வந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவன் பார்த்தான்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"எப்பவாவதுன்னு சொன்னேன்."

"எத்தனை?"

"ஏழெட்டு."

டீயைக் கீழே வைத்துவிட்டேன். காம்புக்குப் பின்னாலிருந்து சுரப்பியை எடுத்த பிறகு, அந்தச் சின்ன வட்டம் உயிர் வாழ்வது சுற்றியுள்ள தோலின் மெல்லிய ரத்தக்குழாய்களை நம்பித்தான். நிக்கோட்டின் அந்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். காயம் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும் வாய்ப்புக் கூடும், மோசமானால் காம்பின் ஒரு பகுதியே கறுத்து உதிர்ந்துபோகும். முன்னால் நாலு வாரம், பின்னால் நாலு வாரம் புகையே கூடாது என்பது பொது விதி.

"உண்மையைச் சொன்னா தேதியைத் தள்ளி வைப்பாங்க மாமா."

"வைக்கட்டும். பத்து வருஷம் பொறுத்தவனுக்கு இன்னும் ஒரு மாசம் என்ன?"

பெட்டியை மாஸ்டரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக் கல்லாவுக்குள் போட்டுக்கொண்டார். இன்னொரு டீ வந்தது.

"சரி, அந்த ஆறு வாரத்தைச் சொல்லுங்க" என்றான். குரல் இறங்கியிருந்தது.

ஆபரேஷன் ஆன அன்றைக்கே எழுந்து நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தலையை இரண்டு தலையணையில் உயர்த்தி மல்லாந்து படுக்க வேண்டும். குப்புறப் படுப்பதை ஒரு மாதத்துக்கு மறந்துவிட வேண்டும். தலை வழியாக மாட்டும் டீஷர்ட் வேண்டாம். பொத்தான் வைத்த சட்டை போதும். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒரு வாரத்தில் பெரும்பாலானவர்கள் திரும்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன், திங்கட்கிழமை ஆபீஸ் என்பது நடக்காது.

"நீ பஸ்லதானே போற? மேல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குற வேலை வேண்டாம். பைக் ரெண்டு வாரம் கழிச்சு, டாக்டர் சொன்ன பிறகு. 20 லிட்டர் தண்ணி கேன், கேஸ் சிலிண்டர், ரெண்டையும் தொடாத. நெஞ்சுக்கான பயிற்சி ஆறு வாரம் கழிச்சுத்தான்."

"கேனைத் தூக்க மாட்டேன்னு வீட்டுல என்ன காரணம் சொல்றது?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

வெஸ்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருந்தது. நாலிலிருந்து ஆறு வாரம், முதல் சில வாரங்கள் இரவும் பகலும். ஆழமாக மூச்சு இழுக்க முடிகிற அளவு இறுக்கம் போதும். சுருக்கம் விழாமல் இழுத்துவிட வேண்டும். மடிப்பு அழுந்திய இடத்தில் தோலில் பள்ளம் விழும். நம் வெயிலுக்கு வேர்க்குரு நிச்சயம். எனவே இரண்டு வெஸ்ட் வேண்டும். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். அடியில் மெல்லிய பருத்தித் துணி போடலாமா என்று சர்ஜனிடமே கேட்டுக்கொள்ளலாம். குளிப்பது அவர் சொன்ன நாளிலிருந்து. துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

"பாட்டி மஞ்சளும் நல்லெண்ணெயும் கொண்டுவரும். தையல் மேல ஒண்ணும் படக் கூடாது. பத்தியம்னு முட்டையையும் மீனையும் நிறுத்துவாங்க. புண் ஆற புரதம் வேணும், நிறுத்தாத. ஒத்தடம் அறவே கூடாது. அங்க உணர்ச்சி மரத்துப்போயிருக்கும், சுட்டாலும் தெரியாது. வெந்நீர்ப் பையால கொப்புளத்தோட வந்தவங்களைப் பார்த்திருக்கேன்."

"உணர்ச்சி திரும்பி வருமா?"

"வரும். நரம்பு மெதுவாத்தான் முளைக்கும். எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், சுரீர்னு கரண்ட் அடிக்கும். அது நல்ல அறிகுறி. பெரும்பாலானவங்களுக்குச் சில மாசத்துல திரும்பிடும். சிலருக்குக் கொஞ்சம் குறைஞ்சே இருந்துடும். அதை இப்பவே தெரிஞ்சுக்க."

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், நாற்றம் என்றால் போன் பண்ண வேண்டும். சில நாள் கழித்து உள்ளே நீர் சேர்ந்து குலுங்கினால், ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். அதற்குப் பதற வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். சில மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும்.

"அப்புறம் அந்த ஒரு வருஷம். அதுதான் கஷ்டம்" என்றேன்.

மூன்றாம் வாரம் கண்ணாடி முன் நிற்கிறவன் ஏமாந்துபோவான். கன்றிய இடம் பச்சையும் மஞ்சளுமாக மாறி மறைந்திருக்கும். ஆனால் மார்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒரு பக்கம் வடிந்து, மறு பக்கம் வடியாமல் நிற்கும். காம்புக்குப் பின்னால் கல் மாதிரி ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படும். சுரப்பி திரும்ப முளைத்துவிட்டது என்று அழுதுகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது உள்காயம் ஆறும்போது உண்டாகும் கெட்டிப்பு. டாக்டர் சொன்ன பிறகு மெதுவாக நீவிவிட, மாதக்கணக்கில் இளகும். வீக்கத்தில் பெரும்பகுதி ஆறு வாரத்தில் போகும். வடிவம் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம். தழும்பு சிவப்பு வடிந்து மங்க ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். தழும்பு தடித்து வளரும் உடம்பு சிலருக்கு உண்டு, நெஞ்சு அதற்குத் தோதான இடம். தம்பியின் காது குத்திய இடத்தில் அப்படி ஏதும் இல்லை. இருந்திருந்தால் முன்னாலேயே சர்ஜனிடம் சொல்ல வேண்டும்.

"தினமும் கண்ணாடி பாக்காத. மாசம் ஒரு தடவை, ஒரே இடத்துல, ஒரே வெளிச்சத்துல ஒரு போட்டோ எடு. அது பொய் சொல்லாது."

"அப்புறம் திருச்செந்தூர் போலாம்ல" என்றான் மெதுவாக.

எனக்குப் புரிந்தது. வருஷா வருஷம் அவர்கள் குடும்பம் அங்கே போகும். சந்நிதிக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு வருஷமும் தம்பிக்குக் கோயில் வாசலில் தலைவலி வந்துவிடும். செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்துவிடுவான்.

"போலாம். ஆனா ஒண்ணு. ஆபரேஷன்ல மார்பு சரியாகும், தோள் நிமிராது. அது வேற வேலை. ஆறு மாசம் கழிச்சு செக்கப்புக்கு வந்த ஒருத்தர், மார்பு தட்டையா இருக்கு, ஆனா ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத்தான் நடந்து வந்தார். மறைச்சு மறைச்சு உடம்பு அந்த வளைவைப் பழகிடுது. டாக்டர்கிட்ட பாதி மறைச்ச. வீட்டுல முழுசா மறைச்ச. இந்த ஆபரேஷன்ல முதல் ராத்திரியே வேற ஒருத்தர் உன் நெஞ்சைத் திறந்து பாத்தாகணும். எல்லாருக்கும் சொல்ல வேணாம். ஒருத்தருக்குச் சொல்லு."

"யாருக்கு?"

"ராத்திரி எழுப்பினா கோபப்படாத ஒருத்தர் யாரோ, அவங்களுக்கு."

டீக்கு அவன்தான் காசு கொடுத்தான். ஒன்றும் சொல்லாமல் போனான்.

மூன்று நாள் கழித்து அதே பெஞ்சு. டாக்டர் அடுத்த மாதத்துக்குத் தேதியைத் தள்ளிவிட்டாராம்; திட்டினாராம், பிறகு கை குலுக்கினாராம். லாட்ஜ் ரூமுக்குக் கொடுத்த முன்பணம் போச்சு.

"அம்மாகிட்ட சொன்னேன் மாமா."

"என்ன சொன்னாங்க?"

"கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், 'பத்து வருஷமா தினமும் கொடியில உன் பனியன் ரெண்டு காயுது. காயப்போடுறது யாரு? நீயா சொல்லுவேன்னு இருந்தேன்'னாங்க."

நான் டீயை ஊதினேன். மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பாமல் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. அந்த வெஸ்ட்டை மெஷின்ல போடலாமா, கையிலதான் துவைக்கணுமா?"

"கையில. முறுக்கிப் பிழியக் கூடாது. நிழல்ல காயப்போடச் சொல்லு" என்றேன்.